மேற்கு மாடி அறிக்கைகள்

மார்ச் 4

ஐயா,

உங்கள் விண்ணப்பம் வானிலை நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. தபால் வழிப் புயல் கண்காணிப்புப் பயிற்சிக்கு, வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் உள்ள முப்பத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உங்களுடையதைப் பிரிக்கும் முன்பே யாருடையது என்று தெரிந்துவிட்டது. முகவரியை அப்படிச் சாய்த்து, ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் மேலே தூக்கி எழுதுபவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

உங்கள் மகன் என்னை விட்டுப் போய் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. அதற்கு முந்தைய நான்கு மாதமும் நீங்கள் எங்களோடு தங்கி, ஆற்றோரம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கிரேன் ஓட்டினீர்கள். மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் போன மறுநாள் நீங்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. இப்போது மேகம் பார்க்கக் கற்றுக்கொடு என்று படிவம் வருகிறது.

நிராகரிக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. என் மேஜைக்கு மேலே ஒரு வரைபடம் தொங்குகிறது. தன்னார்வலர் இருக்கும் இடத்திலெல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருக்கிறேன். மேற்கே உங்கள் ஊரைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, வெள்ளையாகக் கிடக்கிறது. பெரிய காற்றெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அதனால் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் பாடத்தை இணைத்திருக்கிறேன். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் நகர்கிறது என்று எழுத வேண்டும். தப்பி இறங்க வழி இல்லாத இடத்தில் நின்று பார்க்கக் கூடாது. சொந்த விஷயம் எழுத வேண்டாம்.

பயிற்சியாளர்

*

மார்ச் 15

அம்மா,

எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். உன் அத்தை, "தாள் என்ன மரத்துலயா காய்க்குது" என்றாள். ஒரு வகையில் மரத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். நாற்பது வருடக் குடித்தனத்தில் கற்ற பாடம் அது.

பயிற்சி நடத்துவது நீ என்று தெரிந்துதான் எழுதினேன். அதை மறைத்தால் முதல் விதியே உடைந்துவிடும்.

சொந்த விஷயம் வேண்டாம் என்றாய். ரேடியோ எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன், அது தொழில் விஷயம்தான். முப்பத்தெட்டு வருடம் தரைக்கு மேலே, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். காற்று அடித்தால் பெட்டி ஆடும். ஓய்வு பெற்று இறங்கியதும் தரை ஆடாமல் இருந்ததில் எனக்குத் தலைசுற்றியது. மேலே இருந்தவரைக்கும் துணை என்று இருந்தது வாக்கி டாக்கியில் கீழேயிருந்து வரும் ஒரு குரல்தான். "இறக்கு, இன்னும் கொஞ்சம், நிறுத்து." அந்தக் குரல் இல்லாத மத்தியானங்களைத் தாங்க முடியாமல் பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்கினேன். இப்போது மொட்டைமாடியில் ஏரியலைக் கட்டிவிட்டு, கண்ணை மூடி ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்வேன். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பேசுவது, பாதித் தூக்கத்தில் பக்கத்து அறைப் பேச்சு கேட்பது போல வந்து வந்து போகும்.

முதல் பாடத்துக்கு விடை, மூன்று மேகம்:

ஒன்று. மேற்கே, தானியக் கிடங்குகளுக்கு மேல் ஓர் எருமை படுத்திருக்கிறது. முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு. எழுந்திருக்கும் உத்தேசம் இல்லை.

இரண்டு. யாரோ படுக்கை விரிப்பை உதறியபோது அது கீழே விழாமல் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று. இதற்குப் பெயர் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். தேநீர் ஆறிவிட்டது.

*

மார்ச் 27

ஐயா,

முப்பத்தெட்டு மதிப்பெண். நேரம் இல்லை, உயரம் இல்லை, நகரும் திசை இல்லை. எருமை என்பது அறிக்கை ஆகாது. தேநீர் ஆறியது வானிலைத் தகவல் அல்ல.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ரேடார் இருக்கிறது. ஆனால் பூமி வளைந்திருக்கிறது, ரேடாரின் கதிர் நேராகப் போகிறது. உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது தலைக்கு மிக மேலே போய்விடும். மேகத்தின் தலையைத்தான் பார்ப்போம். அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பெருமேகத்தின் மழையில்லாத பகுதியிலிருந்து ஒரு துண்டு கீழே இறங்கி, சுவர் போல நின்று, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் அதன் கீழே சுழல்காற்று தரையைத் தொடலாம். அதைக் கீழே நிற்கும் ஒரு மனிதக் கண்தான் பார்க்க முடியும். செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும் உங்கள் ரேடியோ பேசும். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

கிழிந்து பறக்கும் தாழ்ந்த மேகமும் பார்ப்பதற்குச் சுழல்காற்று மாதிரியே பயமுறுத்தும். வித்தியாசம் ஒன்றுதான்: அது சுற்றாது. கண்ணை எடுக்காமல் சில நிமிடம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மேகத்தைப் படித்துவிட்டு நான் சன்னல் பக்கம் போய் நின்றேன். ஏன் என்று தெரியவில்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது.

பயிற்சியாளர்

*

ஏப்ரல் 19

அம்மா,

இரண்டாம் பாடத்துக்கு அறுபத்தொன்று வந்ததை உன் அத்தையிடம் காட்டினேன். "பொண்ணு இரக்கப்பட்டுப் போட்டிருக்கும்" என்றாள். நீ இரக்கப்பட்டுப் போடமாட்டாய் என்று சொன்னேன். 

சனிக்கிழமை ரேடியோ ஒத்திகையில் உன் குரலைக் கேட்டேன். "வடக்குப் பாலம், தகவல் உண்டா. தண்ணீர்த்தொட்டி, தகவல் உண்டா." ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டு வந்தாய். பாலமும் தொட்டியும் தூக்கத்திலிருந்து எழுந்து பதில் சொல்வது போல இருந்தது. பிறகு, "மேற்கு மாடி, தகவல் உண்டா." நான்தான் அது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "தகவல் இல்லை" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

துணி மடிக்கிற சாக்கில் உன் அத்தை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரே துண்டை நாலு தடவை மடித்தாள்.

*

மே 6

ஐயா,

உங்கள் குறிப்பேட்டின் நகல் வந்தது. அதை மூன்று தடவை படித்தேன்.

"4.22. வடமேற்கே மேகத்தின் அடியில் பச்சை நிறம். எலுமிச்சை அளவில் ஆலங்கட்டி, கிடங்குக் கூரைமேல் விழுகிறது." நல்ல அறிக்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் மைக்கை எடுத்தது 4.33க்கு. அதற்குள் அந்த ஆலங்கட்டி சந்தைக்கு வந்துவிட்டது. காய்கறிக்கார அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஒரு பேருந்தின் முன்கண்ணாடி உடைந்து, ஓட்டுநர் கண்ணில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கிறார்.

பதினொரு நிமிடம் என்ன செய்தீர்கள்?

கண் இல்லாதவர் என்றால் புரிந்துகொள்வேன். உங்களுக்கு இருக்கும் கண் எனக்கு இல்லை. பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

சொந்த விஷயம் வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். இப்போது நானே அதை மீறுகிறேன். உங்கள் மகன் போன அன்று காலை, அவர் எழுதி வைத்துப் போன கடிதத்தைப் படித்து மேஜையில் வைத்துவிட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அறையிலிருந்து வந்தீர்கள். கடிதத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் எல்லாம் இருந்தது, ஆச்சரியம் மட்டும் இல்லை.

உங்களுக்கு முன்பே தெரியுமா?

*

மே 14

அம்மா,

தெரியும்.

நீ கற்றுக்கொடுத்தபடியே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதினாலும் நான் எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. ஆற்றோரக் கட்டடம், இருபத்து மூன்றாம் மாடி உயரத்தில் கிரேன் பெட்டி. தென்கிழக்கே, கூப்பிடு தூரத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி, ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடி. அங்கே என் மகன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

நம் வீட்டில் அவன் ஒரு கைக்குட்டையைக் காயப்போட்டு நான் பார்த்ததில்லை. அங்கே ஒவ்வொன்றாக உதறி, நுனியோடு நுனி சேர்த்து, கிளிப் போட்டான். ஒரு பெண் படியில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். அவ்வளவு உயரத்துக்குச் சத்தம் ஏறி வராது. சிரிப்பது மட்டும் தெரிந்தது. நீ பொத்தான் தைத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை கயிற்றில் ஆடியது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள். மொத்தம் நான்கு மாதம்.

முதல் நாள் மாலை நீ, "மேலே இன்னிக்குக் காத்து எப்படி மாமா" என்று கேட்டாய். "சுமார்தாம்மா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உறுதியாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன், எத்தனையோ காற்று அப்படி அடங்கிப் பார்த்திருக்கிறேன். பெற்ற பாசம் என்றால் அது பாதிதான். மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் இறங்கி வந்தால் நீ விளக்கைப் போட்டு வைத்திருப்பாய். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம், நீ அலுவலகத்துக் கதை சொல்வாய். சொன்னால் அந்த மேஜை போய்விடும். அதனால் சொல்லவில்லை. உன் மேஜையை உன்னிடமே மறைத்துச் சாப்பிட்டேன்.

சந்தையில் ஆலங்கட்டி விழுந்த அன்று அந்தப் பதினொரு நிமிடமும் அதே கதைதான். கை மைக்கில் இருந்தது. தப்பாக இருந்தால் ஊரே சிரிக்குமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்கறிக்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நான்தான் தாமதித்தேன் என்று சொன்னேன். "நீங்க என்னய்யா பண்ணுவீங்க, வானத்துலேர்ந்து விழுது" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

என் பெயரை நீ எடுத்துவிடலாம்.

*

ஜூன் 9

ஐயா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

அந்த நான்கு மாதத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் அறை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். "கூடத்துக்கு இளம்பச்சையா, மஞ்சளா மாமா" என்று மேலேயிருந்து கேட்டேன். "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்றீர்கள். வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் ஒருத்தியின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அந்த வீடு நிற்காது என்று தெரிந்தும் நின்றிருக்கிறீர்கள். அவர் போனதைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது. அவரிடம் நான் ரொம்ப எதிர்பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வேலை முடிந்து மேஜையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். அந்த வீடு கனவில் வந்தது. கூரை இல்லை. பச்சைச் சுவர்களுக்கு நடுவே மேகம் ஒவ்வொன்றாக இறங்கி வந்து நாற்காலிகளில் அமர்ந்தது. நான் எல்லாருக்கும் தண்ணீர் எடுத்து வைத்தேன். பயமாகவே இல்லை. விழித்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து மேஜைக்காரர், கண்ணில் தூசு என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தினார்.

உங்கள் பெயரை எடுக்கவில்லை. ஐந்தாம் பாடத்தை இணைத்திருக்கிறேன். பாடத்தில் இல்லாத ஒரு வரியை இங்கே எழுதுகிறேன், இனி எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்: உறுதியில்லை என்றால், உறுதியில்லை என்று சொல்லியே சொல்லுங்கள். அதுவும் அறிக்கைதான். தீர்மானிப்பது எங்கள் வேலை. எங்களுக்காகவும் சேர்த்து நீங்களே தீர்மானித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

*

ஜூன் 17

அம்மா,

பாடம் வந்தது. படித்தேன்.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். கேட்டால் நீ ஏதாவது பதில் தர வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் உன் தலையில் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன், ஏணி வரைக்கும். அவளுக்கும் இதுவரை நான் சொன்னதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய் ஏரியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை இறங்கவில்லை. அன்று வானத்தில் ஒன்றுமே இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

உவமைக்கு மதிப்பெண் கழித்துக்கொள்.

*

ஜூலை 1

மாமா,

தந்தி போலச் சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியாது போலிருக்கிறது.

ஞாயிறு மாலை 5.07க்கு உங்கள் குரல் வந்தது. "மேற்கு மாடி. அவசரம். கிடங்குகளுக்கு வடமேற்கே, சுமார் ஆறு கிலோமீட்டர். மழையில்லாத அடிப்பகுதியிலிருந்து சுவர் இறங்கியிருக்கிறது. மூன்று நிமிடமாகப் பார்க்கிறேன். தரையைத் தொட்டதா தெரியவில்லை, உறுதியில்லை. ஆனால் சுற்றுகிறது. கிழக்கே, ஊரைப் பார்த்து வருகிறது." நீங்கள் விதி தவறாமல், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி சொன்னீர்கள். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ரேடார் திரையில் அங்கே ஒரு சாதாரண மழைமேகம் இருந்தது, அவ்வளவுதான். மற்ற தன்னார்வலர் யாருக்கும் அது தெரியவில்லை. அபாயச் சங்கு ஊதச் சொல்லலாமா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது.

நான் 5.12க்குத்தான் சொன்னேன்.

ஐந்து நிமிடம். இதை உங்களுக்கு எழுதாமல் விட்டால் நான் யார். தப்பாகச் சங்கு ஊதினால் அடுத்த முறை ஊர் நம்பாது என்று யோசித்தது இரண்டு நிமிடம். மீதி மூன்று நிமிடம், சொன்னவர் நீங்கள் என்பதால். இவரை நம்பி ஒரு ஊரையே ஓடச் சொல்வதா என்று நினைத்தேன். பிறகு, இவரைத் தவிர வேறு யார் இப்படி உறுதியில்லை என்று சொல்லத் துணிவார் என்று தோன்றியது. தொலைபேசியை எடுத்தேன்.

5.26க்கு உங்கள் ஊர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கூரை போயிற்று. மாலை ஷிப்டில் இருநூற்று நாற்பது பேர். எல்லாரும் நிலவறைக் கிடங்கில், அடுக்கிய அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்களாம். கடைசி ஆள் இறங்கிக் கதவை இழுத்தபோது 5.23. என் ஐந்து நிமிடம் எட்டு நிமிடமாகியிருந்தால் கணக்கு வேறு. அதை நினைத்துக்கொண்டே மூன்று நாளாக நடக்கிறேன். பதினொரு நிமிடம் என்ன செய்தீர்கள் என்று இனி யாரையும் அந்தக் குரலில் என்னால் கேட்க முடியாது.

இன்னொன்று. 5.18க்கு உங்களைக் கீழே இறங்கச் சொன்னேன். "இன்னும் தெரியுது, பார்த்துச் சொல்றேன்" என்றீர்கள். மறுபடி சொன்னேன். "அதன் நிறம் மாறுகிறது" என்று ஆரம்பித்தீர்கள். அப்போதுதான் மைக்கில் கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம், பிறகு அத்தையின் குரல்: "இவரை நான் இழுத்துட்டுப் போறேன். நீ மத்தவங்களைப் பாரு கண்ணு."

பேச்சை முடிக்கும் 'ஓவர்' சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை. இருபத்தொன்பது நிலையங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. விதிப்படி நான் கண்டித்திருக்க வேண்டும். மைக்கைப் பிடித்தபடி அந்தக் 'கண்ணு'வையே கேட்டுக்கொண்டிருந்தேன். வடக்குப் பாலம்தான், "கட்டுப்பாட்டு அறை, இருக்கிறீர்களா" என்று கேட்டது.

அத்தைக்கு அடி ஏதும் இல்லையே? எழுதுங்கள்.

*

ஜூலை 20

அம்மா,

அத்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அதுவும் என்னை இழுத்ததில் வந்தது. ஏரியல் முறிந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குள் தலைகீழாக நின்றது. வீடு நிற்கிறது. இதை முன்பே எழுதியிருந்தேன். இன்று எழுதுவது வேறு.

நேற்று மாலை நாலு பத்துக்கு அவன் வந்தான். தனியாக, ஒரு பையோடு. மெலிந்திருக்கிறான். காற்றுச் செய்தியைக் கேட்டுப் பார்க்க வந்ததாகச் சொன்னான். அந்தப் பெண்ணோடு இப்போது இல்லை என்பது அவன் சொன்னது. நான் பார்த்தது அல்ல.

உன் அத்தை சாப்பாடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏரியலை நிமிர்த்த மாடிக்கு வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டே, "அவ என்னைப் பார்ப்பாளான்னு கேட்டுச் சொல்றீங்களாப்பா" என்றான். "எதுக்குடா" என்றேன். "தெரியலப்பா" என்றான்.

அவன் திரும்பி வர நினைக்கிறானா, மன்னிப்புக் கேட்கவா, சும்மா மனசு ஆறவா, எனக்கு உறுதியில்லை. ஆற்றோர மாடியில் அவனை நான் பார்த்ததை அவனிடமும் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போயிற்று. "நாலு மாசமுமா" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஏரியல் கம்பியின் முடிச்சை நான்தான் போட வேண்டியிருந்தது.

இதில் என் சிபாரிசு எதுவும் இல்லை. அவனுக்காகப் பேசவில்லை, தடுக்கவும் இல்லை. வந்தான், கேட்டான், உனக்குச் சொல்கிறேன். தபால் பெட்டியில் இன்றே போட்டுவிடுவேன்.

*

ஜூலை 26

மாமா,

அறிக்கை கிடைத்தது. மறுநாளே எழுதியதற்கு நன்றி.

அவரைப் பார்க்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், அங்கே சன்னல் திறந்து கிடந்தது, அறை காலியாக இருந்தது. பார்த்தால் அவருக்கு மனசு ஆறலாம். அதற்கு நான் வேண்டியதில்லை. இதை அவரிடம் நீங்களே, என் வார்த்தையிலேயே சொல்லுங்கள். நல்லபடியாகச் சொல்கிறேன் என்று மழுப்ப வேண்டாம்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து பதினான்கு பேர் பயிற்சிக்கு எழுதியிருக்கிறார்கள். அன்று நிலவறையில் இருந்தவர்கள். தபாலில் சொல்லித் தந்தால் போதாது என்று அதிகாரியிடம் கேட்டு, நேரில் நடத்த அனுமதி வாங்கிவிட்டேன். அவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னும் கூரை போடவில்லையாம். வானம் பார்க்கும் வகுப்புக்கு அது வசதிதான். இரண்டாம் நாள் காலை ஒரு மணி நேரம் உங்களுக்கு. சந்தையில் ஆலங்கட்டி விழுந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். என் ஐந்து நிமிடத்தை நான் சொல்வேன்.

ஆகஸ்ட் எட்டும் ஒன்பதும். அந்த இரண்டு நாளும் உங்கள் மகன் அங்கே இருக்கக் கூடாது. விடுதியில் இடம் இருக்கிறது, ஆனால் அத்தைக்குச் சம்மதம் என்றால் உங்கள் மாடி அறையில் தங்கிக்கொள்கிறேன். அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

பேருந்து மூன்றேகாலுக்கு வருகிறது. மழை பெய்தால் தாமதமாகும். பேருந்து நிலையத்துக்கு வந்து காத்து நிற்காதீர்கள். வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்.